கல்லாவில் கேட்கும் கேள்விதான் முதல் பதிவு: சேலம், ஏற்காடு சிறுதொழில்களுக்கான சமூக ஊடக வழிகாட்டி

இணையத்தில் எடுத்துக் காட்டச் சேலத்தில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, இளம்பிள்ளைச் சேலை, அம்மாபேட்டைத் தறி, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி, சித்திரை பிறந்ததும் இறங்கும் மாம்பழம், சாயங்காலத் தட்டுவடை செட். மலை ஏறினால் காபி, மிளகு, தங்கும் வீடுகள். ஆனால் இந்தத் தொழில்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: திறப்பு விழாப் படம், பண்டிகை வாழ்த்து அட்டைகள், சினிமாப் பாட்டு ஓடும் சில ரீல்ஸ், கடைசியாகப் போன தீபாவளிக்குப் போட்ட ஒரு பதிவு.

கேட்டால், "வீடியோ எடுக்க ஆளில்லைங்க", "நல்ல கேமரா வாங்கணும்" என்பார்கள். எனக்கு அது காரணமாகத் தெரியவில்லை. கடைக்கு நேரில் வருபவர் என்னென்ன கேட்பாரோ, அதற்கான பதில் அந்தப் பக்கத்தில் இல்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

முதல் படி: ஒரு வாரம் கேள்விகளை எழுதி வையுங்கள்

பக்கம் தொடங்கும் முன்பே, அல்லது தூங்கிக்கிடக்கும் பக்கத்தை எழுப்பும் முன்பே, கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வருபவர்களும் போனில் கேட்பவர்களும் என்ன கேட்கிறார்களோ, அதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம்.

கொலுசுக் கடையில் இப்படி வரும்: "எத்தனை டச்சுங்க?" (டச்சு என்றால் வெள்ளியின் தூய்மை அளவு), "கூலி எவ்வளவு போடுவீங்க?", "பழசு எடுத்துக்குவீங்களா?", "கறுத்துப் போனா என்ன பண்றது?" சேலைக் கடையில்: "ப்ளவுஸ் இதுலயே வருதா?", "ஒத்தப் பீஸ் தருவீங்களா, மொத்தமாத்தானா?", "சாயம் போகுமா?" ஜவ்வரிசி விற்பவரிடம்: "இவ்வளவு வெள்ளையா இருக்கே, எதாவது போட்டதா?" மலைமேல் வீடு வைத்திருப்பவரிடம்: "கார் வாசல் வரைக்கும் வருமா?", "ஏரியில இருந்து எவ்வளவு தூரம்?", "நாங்களே சமைச்சுக்கலாமா?", "சுடுதண்ணி எந்நேரமும் வருமா?", "டிரைவர் தங்க இடம் இருக்கா?"

வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து கேள்விகள் தெரியும். முதல் இரண்டு மாதத்துக்கான பதிவுகள் அவைதான். ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ. "இன்னிக்கு என்ன போடலாம்" என்ற திணறல் இதோடு தீரும்.

பலர் செய்யும் தவறு, தாங்கள் சொல்ல விரும்புவதிலிருந்து தொடங்குவது. "மூன்று தலைமுறைப் பாரம்பரியம்", "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்ற வரிகளை யாரும் கேட்டு வருவதில்லை. 925 என்று முத்திரை குத்திய வெள்ளியில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு, அதைச் சேர்க்காவிட்டால் கொலுசு வளைந்துவிடும் என்று ஒரு நிமிடத்தில் விளக்குங்கள். உங்களுக்குத் தொழில் தெரியும் என்பதைப் பார்ப்பவர் தானாகவே புரிந்துகொள்வார்.

இரண்டாம் படி: எல்லா இடத்திலும் கடை போடாதீர்கள்

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ் என்று ஒரே நாளில் ஐந்து கணக்கு தொடங்கி, மூன்றாம் வாரத்தில் எல்லாவற்றையும் கைவிடுவது வழக்கமான கதை. இரண்டு போதும். எந்த இரண்டு என்பதைத் தொழில் சொல்லும்.

மொத்தச் சேலை வியாபாரத்துக்கு யூடியூபும் வாட்ஸ்அப்பும். வெளியூர்க் கடைக்காரர் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொரு டிசைனாகப் பார்க்க விரும்புவார். முப்பது விநாடி ரீல்ஸ் அவருக்குப் போதாது. ஏற்காட்டில் தங்கும் இடத்துக்கு முதலில் கூகுள் மேப் பதிவு, அப்புறம் இன்ஸ்டாகிராம். தட்டுவடை செட் கடைக்கும் அதே வரிசைதான், ஏனென்றால் சாப்பிட நினைப்பவர் "பக்கத்தில் எங்கே" என்றுதான் தேடுகிறார். மாம்பழத்துக்கு இன்ஸ்டாகிராமில் காட்டி வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது சரியாக வரும்.

வாட்ஸ்அப்பைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். சரக்குப் பட்டியல் போடலாம், அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்து வைக்கலாம், கடை மூடியிருக்கும் நேரத்துக்குத் தானியங்கிப் பதில் வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் மட்டும் ஒரு விஷயம் உண்டு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். பில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது டிசைன் வந்தா அனுப்புறோம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்காதவர்களைக் குரூப்பில் இழுத்துப் போடாதீர்கள். வெளியேறுவார்கள், சிலர் புகாரும் செய்வார்கள். புகார் கூடினால் எண்ணே முடங்கிவிடும்.

இன்னொன்று. கடைக்குத் தனி சிம் வாங்குங்கள். வீட்டுப் பெண்ணின் சொந்த எண்ணைப் பக்கத்தில் போட்டுவிட்டு, பிறகு நள்ளிரவு அழைப்புகளால் அவர் படும் அவஸ்தை தேவையற்றது.

மூன்றாம் படி: முகப்பைச் சரிசெய்யுங்கள்

இன்ஸ்டாகிராம் பயோவில் 150 எழுத்துக்குத்தான் இடம். "கனவுகளின் சங்கமம்" போன்ற வரிக்கு அதில் இடமில்லை. என்ன விற்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்போது திறந்திருக்கும், எப்படி வாங்குவது என்ற நான்கும் இருந்தால் போதும். "வெள்ளிக் கொலுசு, செய்து தருகிறோம். செவ்வாய்ப்பேட்டை, சேலம். காலை 10 - இரவு 8, ஞாயிறு விடுமுறை. ஆர்டருக்கு வாட்ஸ்அப்." அவ்வளவுதான்.

பெயர்ப் பகுதியும் தேடலில் வரும். கடைப் பெயரோடு பொருளையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். இளம்பிள்ளையை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் ஐ (I) எழுத்தில் தொடங்குகிறார்கள், சிலர் ஈ (E) எழுத்தில். உங்கள் பதிவுகளில் இரண்டு எழுத்துக்கூட்டலும் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். எப்படித் தேடினாலும் கண்ணில் படுவீர்கள்.

கூகுள் மேப்பில் குறி சரியான இடத்தில் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். ஏற்காட்டில் இது ரொம்ப முக்கியம். நாகலூர் பக்கமோ மஞ்சக்குட்டை பக்கமோ தோட்டத்துக்குள் போகும் பாதைகள் பல. குறி சற்றுத் தள்ளி இருந்தால் விருந்தினர் வேறொருவர் கேட்டுக்கு முன்னால் இருட்டில் நிற்பார். அங்கே சிக்னல் விட்டுவிட்டு வரும் என்றால் அதையும் முன்பே சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து வரும் பாதையை ஒரு வீடியோவாக எடுத்துப் பக்கத்தின் மேலே பின் செய்து வையுங்கள்: அடிவாரம் வழியாக வந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள், குப்பனூர் வழியாகவும் வரலாம், மலையை எட்டியதும் எந்த இடத்தில் திரும்ப வேண்டும். அந்த வீடியோவை எடுக்கும்போது ஓட்டுபவர் ஓட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எடுக்க வேண்டும். வளைவில் வண்டியை நிறுத்தி எடுக்கவே கூடாது.

நான்காம் படி: காலண்டரைப் பருவத்தோடு கட்டுங்கள்

தினமும் பதிவு போட்டே ஆக வேண்டும் என்று யாரோ சொல்லி, ஒரு மாதத்தில் களைத்துப்போனவர்கள் நிறைய. வாரத்துக்கு இரண்டு உருப்படியான பதிவுகள், நடுவில் ஒன்றிரண்டு ஸ்டோரி. சிறு கடைக்கு அது தாங்கும். கவனிக்க வேண்டியது எந்த வாரத்தில் என்ன போடுகிறோம் என்பதை.

மாம்பழக்காரர் பழம் வந்த பிறகு கணக்குத் தொடங்கினால் பாதி சீசன் போய்விடும். பிஞ்சு விடும்போதே காட்டத் தொடங்க வேண்டும். குண்டு எப்போது வரும், மல்கோவா எப்போது, இமாம் பசந்த் ஏன் விலை அதிகம், வெளியூருக்கு அனுப்பும் பெட்டியில் பழத்தை எப்படி அடுக்குகிறீர்கள் என்று சீசனுக்கு முன்பே சொல்லி வைத்தால், சித்திரையில் ஆர்டர் வாட்ஸ்அப்பில் காத்திருக்கும்.

மாம்பழத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கல்லு போட்டுப் பழுக்க வெச்சதா?" பெரும்பாலான பழக்கடைப் பக்கங்கள் இதைத் தொடுவதே இல்லை. தொடுங்கள். கால்சியம் கார்பைட் கல்லால் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதிலிருந்து வருவது அசிட்டிலீன் வாயு, அதோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கக்கூடும். எத்திலீன் வாயு வேறு. பழம் தானாகவே வெளிவிடும் வாயு அது, முறைப்படி 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. நீங்கள் எத்திலீன் அறையில் பழுக்க வைத்தால் அந்த அறையைக் காட்டுங்கள். வைக்கோலில் வைத்தால் வைக்கோலைப் பிரித்துக் காட்டுங்கள். எந்த மாம்பழ விளம்பரத்தைவிடவும் அந்த ஒரு வீடியோ அதிகப் பேருக்குப் பகிரப்படும். அம்மா பிள்ளைகளுக்கு அனுப்புவார், பிள்ளைகள் நண்பர்களுக்கு அனுப்புவார்கள்.

காபித் தோட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கதை இருக்கிறது. கோடை மழைக்குப் பின் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும்; அந்தப் பூ சில நாள்தான் நிற்கும். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்பு. சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிப்பது, தோல் உரிப்பது, களத்தில் காயவைப்பது, வறுப்பது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதைக்கூட நகரத்துக்காரர்கள் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற வரலாற்றை ஏற்காட்டில் எல்லாப் பக்கங்களும் போட்டுவிட்டன. உங்கள் தோட்டத்தில் எந்தப் பகுதிக் காபி கொஞ்சம் புளிப்பாக வருகிறது, ஏன் என்பதை உங்களால் மட்டும்தான் சொல்ல முடியும். அதைச் சொல்லுங்கள். "சிக்கரி கலந்ததா?" என்ற கேள்விக்கும் மறக்காமல் பதில் போடுங்கள், எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் உள்ளதைக் கேமராவில் காட்டினால் போதும்.

சேலைக்கும் வேட்டிக்கும் முகூர்த்த மாதங்கள், ஆடித் தள்ளுபடி, தீபாவளி. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும்போது ஊரே வெளியில் இருக்கும், குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை, அதாவது அலங்கார வண்டிகளின் ஊர்வலத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அந்த வாரத்தில் "ஆடி ஆஃபர்" அட்டையை மட்டும் போட்டு நிறுத்தாமல், திருவிழாவுக்கு வருபவருக்குப் பயன்படும்படி கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், வண்டி எங்கே நிறுத்தலாம், எந்தத் தெருவில் போக்குவரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று போடுங்கள். உள்ளூர்க்காரர்கள் உங்கள் பக்கத்தைப் பின்தொடர ஒரு காரணம் கிடைக்கும்.

பொய் காட்டாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்துவது கஷ்டம்.

மார்கழிப் பனியில் எடுத்த வீடியோவை மே மாதத்தில் "இன்றைய ஏற்காடு" என்று போடுகிறார்கள். கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வருபவர் மதியம் சுள்ளென்று வெயில் அடிப்பதைப் பார்த்து ஏமாறுவார். அந்தக் கோபம் உங்கள் விடுதியின் கூகுள் மதிப்புரையில் ஒற்றை நட்சத்திரமாக வந்து உட்காரும். வீடியோவில் மாதத்தை எழுதுங்கள். "மே மாதம் மதியம் வெயில் உண்டு, காலையும் சாயங்காலமும் குளிர்ச்சி" என்று சொன்னால் வருபவர் தயாராக வருவார்.

விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்வதும் அப்படித்தான். விசைத்தறியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த மாவட்டத்தின் பாதி அடுப்பு அதில்தான் எரிகிறது. விசைத்தறியை விசைத்தறி என்றே சொல்லி அதன் விலையில் விற்றால் வாங்குபவர் திரும்பி வருவார். கைத்தறி விற்றால் கைத்தறி முத்திரையைக் காட்டுங்கள். சேலம் வெண்பட்டுக்கும், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை உரிமம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்துகொண்டவர்தான் முத்திரையோடு பயன்படுத்தலாம். பதிவு இல்லாமல் அந்த முத்திரைப் படத்தை எடுத்து ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டிலும் பக்கத்திலும் தெரியும்படி போடுங்கள். "சர்க்கரை நோய் குணமாகும்", "மூட்டு வலி பறந்துபோகும்" போன்ற வாக்குறுதிகள் மிளகுக்கும் வேண்டாம், தேனுக்கும் வேண்டாம்.

அடுத்தவர் எடுத்த வீடியோவை இறக்கிப் போடுவதும் இதே வகை. திருட்டு என்பதோடு, அதில் லாபமும் இல்லை. மற்றவர் பதிவுகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போடும் கணக்குகளைப் பரிந்துரைகளில் காட்டமாட்டோம் என்று இன்ஸ்டாகிராம் 2024-இல் அறிவித்துவிட்டது.

ஐந்தாம் படி: கையில் இருக்கும் போனிலேயே எடுங்கள்

கேமரா வாங்கும் காசை ஒரு சின்ன மைக்குக்குக் கொடுங்கள். லீ பஜார் இரைச்சலில் நீங்கள் பேசுவது கேட்காவிட்டால் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

போனை நிமிர்த்திப் பிடியுங்கள், 9:16 அளவு. சேலையைக் கடையின் மஞ்சள் விளக்கில் எடுக்காதீர்கள். அரக்கு வேறு நிறமாகத் தெரியும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார், கூரியர் செலவு உங்கள் தலையில். காலை வெளிச்சத்தில், வாசல் பக்கமாக, ஒரு வெள்ளைத் துணியை அருகில் வைத்து எடுத்தால் நிறம் பெரும்பாலும் உண்மையாக வரும். வெள்ளி நேர்மாறு, நேர் வெளிச்சத்தில் பளீரென்று வெளுத்துவிடும். கருநீலத் துணிமேல் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், திரையில் கொலுசைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். வேலைப்பாடு தெரியும்.

முதல் இரண்டு மூன்று விநாடிகளில் விஷயம் வந்துவிட வேண்டும். கடைச் சின்னம் சுழன்று வருவது, "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு புதுசா வந்திருந்தா" எல்லாம் வேண்டாம். "கொலுசு ஏன் கறுக்குது?" என்று கறுத்த கொலுசைக் கையில் தூக்கிக்கொண்டே தொடங்குங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் பலர், அதனால் முக்கியமான வரிகளை எழுத்தாகவும் போடுங்கள்.

பாட்டு விஷயத்தில் கவனம். வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் பெரும்பாலான சினிமாப் பாட்டுகளைத் தருவதில்லை; வேறு வழியில் சேர்த்தால் சத்தம் முடக்கப்படலாம், உரிமையாளர் நோட்டீஸும் அனுப்பலாம். யூடியூபில் மூன்று காப்புரிமை எச்சரிக்கை வந்தால் சேனலே போகும். நமக்கு அந்தப் பாட்டு தேவையா என்று யோசித்துப் பாருங்கள். கொலுசின் சலங்கைச் சத்தம், தறி அடிக்கும் சத்தம், காபிக் கொட்டை வறுபடும்போது படபடக்கும் சத்தம், தட்டுவடை நொறுங்கும் சத்தம் எல்லாம் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தறிக்காரர், தோட்டத்தில் பறிக்கும் பெண்கள், பட்டறையில் வேலை செய்பவர்கள் ஆகியோரை எடுக்கும் முன் கேளுங்கள். எங்கே போடப்போகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுங்கள். வேலை கையில்தானே இருக்கிறது.

ஆறாம் படி: பதில் சொல்லுங்கள், விலையோடு

"விலை?" என்று கீழே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். "டிஎம் பண்ணுங்க" (தனிச் செய்தி அனுப்புங்கள்) என்று பத்து முறை பதில் இருக்கும். சேலத்துக் கணக்குகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், வியாபாரத்தை அதிகம் கெடுப்பதும் இதுதான். கேட்டவர்களில் ஒரு பகுதிதான் டிஎம் வருவார்கள். மற்றவர்கள் விலை போட்டிருக்கும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

விலை போட மறுப்பதற்குக் காரணங்கள் உண்டு, புரிகிறது. பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பார். நம்மிடம் மொத்தமாக வாங்குபவரின் சில்லறை வாடிக்கையாளர் பார்ப்பார். வெள்ளி விலை தினம் மாறும். இதற்கெல்லாம் வழி இருக்கிறது. மொத்த வியாபாரி "850 முதல் 1,400 வரை, குறைந்தது பத்துப் பீஸ்" என்பதுபோல் ஒரு வரம்பைச் சொல்லலாம். கொலுசுக்காரர் எடையையும் கூலியையும் சொல்லி, "வெள்ளி அன்றைய விலையில்" என்று போடலாம். விடுதிக்காரர் வார நாள் விலை, சனி ஞாயிறு விலை, மே மாத விலை என்று மூன்றையும் ஹைலைட்ஸில் வைக்கலாம்.

எந்த நேரத்தில் பதில் சொல்வீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "காலை 11 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பார்த்துப் பதில் சொல்றோங்க" என்று தானியங்கிச் செய்தி வைத்தால் கேட்டவர் காத்திருப்பார். பேச்சு கடையில் பேசுவது மாதிரியே இருக்கட்டும். நேரில் "வாங்கண்ணா, என்ன பார்க்கறீங்க" என்று கேட்பவர், இணையத்தில் "தங்கள் வினவலுக்கு நன்றி" என்று எழுத வேண்டியதில்லை. "வணக்கங்க, ஸ்டாக் இருக்குங்க, நாளைக்கு அனுப்பிடலாம்" போதும்.

கெட்ட மதிப்புரை வந்தால் அன்றே பதில் எழுதாதீர்கள், மறுநாள் எழுதுங்கள். "சுடுதண்ணியே வரல, யாரும் கண்டுக்கல" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று சண்டைக்குப் போனால் அதைப் படிக்கும் அடுத்த நூறு பேர் உங்களை அளந்துவிடுவார்கள். "வணக்கங்க. அன்னைக்கு காலையில கரண்ட் இல்லாததால ஹீட்டர் ஓடல. அதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்புதாங்க. இப்போ அடுப்புல தண்ணி காய வெச்சுத் தர ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்று நடந்ததையும் செய்ததையும் எழுதுங்கள். அசிங்கமாகத் திட்டும் கருத்தை மறைக்கலாம். நியாயமான குறையை அழிக்கக் கூடாது.

ஏழாம் படி: ஃபாலோயர் வாங்குவதும் பிரபலங்களை அழைப்பதும்

காசு கொடுத்து ஃபாலோயர் வாங்காதீர்கள். அந்தக் கணக்குகள் உங்கள் வீடியோவைப் பார்க்காது. பார்க்காதவர்கள் கூடினால் செயலி உங்கள் பதிவை மேலும் குறைவாகவே காட்டும். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றும் முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025-இல் வெளிப்படையாகச் சொன்னார். புது ஆட்களிடம் போய்ச் சேர்வதற்கு அனுப்புவதுதான் அதிகம் உதவும் என்றும் சொன்னார். மாம்பழக் கல் வீடியோ ஏன் ஓடும் என்பது இதிலிருந்தே புரியும்.

உணவுக் கடை விமர்சகர், பயண வீடியோ போடுபவர் ஆகியோரை அழைப்பதில் தவறில்லை. காசு கொடுக்கும் முன் அவருடைய இன்சைட்ஸில் (யார், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று செயலி காட்டும் கணக்கில்) ஊர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லட்சம் பேர் இருந்தும் சேலத்தில் சில நூறு பேர்தான் என்றால், தட்டுவடைக் கடைக்கு அவரால் என்ன பயன்? விடுதிக்கு நேர்மாறாக, பெங்களூரு, சென்னை, கோவைப் பார்வையாளர்கள் உள்ளவர்தான் வேண்டும். காசோ, இலவசத் தங்கலோ வாங்கிக்கொண்டு போடும் வீடியோவில் அது விளம்பரம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரம் கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

காசு கொடுத்துப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். முதலில் காசில்லாமலே நன்றாக ஓடிய பதிவு எது என்று பாருங்கள்; அதற்கு மட்டும் சின்னத் தொகையைப் போடுங்கள். ஊரைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாடு முழுவதற்கும் விட்டால் காசு கரையும், கடைக்கு யாரும் வரமாட்டார்கள்.

எட்டாம் படி: சாவி உங்களிடம் இருக்கட்டும்

தம்பி மகன் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். அவன் படிக்க வெளியூர் போனான், பழைய நம்பரும் போயிற்று, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. ஊரில் எத்தனையோ பக்கங்கள் இப்படித்தான் அநாதையாகக் கிடக்கின்றன. கடை மின்னஞ்சலிலும் கடை எண்ணிலும் மட்டும் கணக்குத் தொடங்குங்கள். இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் பாதுகாப்பை) இன்றே இயக்குங்கள், அப்போது கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். பதிவு போட ஆள் வைத்தால், கடவுச்சொல்லைக் கொடுப்பதற்குப் பதில் இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் வணிகப் பகுதியில் அவருக்கு அனுமதி கொடுங்கள். விலகினால் அனுமதியை எடுத்துவிடலாம்.

"உங்கள் பக்கம் காப்புரிமை விதியை மீறியது, 24 மணி நேரத்தில் இந்த லிங்கில் உறுதிசெய்யாவிட்டால் நீக்கப்படும்" என்று செய்தி வரும். தொடாதீர்கள். கணக்கைத் திருடுபவர்களின் வழக்கமான வலை அது. உண்மையில் இன்ஸ்டாகிராம் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் செயலியின் பாதுகாப்புப் பகுதியிலேயே இருக்கிறது. அங்கே இல்லையென்றால் போலி.

பணம் வரும் இடத்திலும் விழிப்பு வேண்டும். ஆர்டர் போட்டுவிட்டு, பணம் அனுப்பியதாக ஒரு போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஒன்பதாம் படி: எண்ண வேண்டியதை எண்ணுங்கள்

மாதம் ஒருமுறை இன்சைட்ஸைத் திறந்து மூன்றை மட்டும் பாருங்கள்: எந்தப் பதிவை அதிகம் பேர் சேமித்தார்கள், எதை அதிகம் அனுப்பினார்கள், பார்த்தவர்கள் எந்த ஊர். லைக்கைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம்.

நான்காவது கணக்கு போனில் இல்லை, பில் புத்தகத்தில் இருக்கிறது. வாங்க வருபவரிடம் "எங்கே பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு, பில்லின் ஓரத்தில் ஒரு எழுத்துக் குறி போடுங்கள்: இன்ஸ்டா என்றால் இ, கூகுள் என்றால் கூ, சொந்தக்காரர் சொன்னார் என்றால் சொ. மூன்று மாதம் சேர்த்துப் பார்த்தால் எதில் நேரம் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். கூ நிறைய, இ ஒன்றுமே இல்லை என்றால், ரீல்ஸைக் குறைத்துவிட்டுக் கூகுள் மேப்பில் புதுப் படம் ஏற்றுங்கள், மதிப்புரைகளுக்குப் பதில் எழுதுங்கள். சொ நிறைய இருந்தால், அந்தச் சொந்தக்காரர் அடுத்தவருக்கு அனுப்ப வசதியாக முகவரி, விலை, நேரம் மூன்றும் உள்ள ஒரு வாட்ஸ்அப் படத்தைத் தயார் செய்து அவரிடம் கொடுங்கள். கேள்வி நோட்டையும் மூடிவிடாதீர்கள். புதிதாக ஒரு கேள்வி மூன்றாம் முறை வந்தால், அந்த வாரப் பதிவு அது.